காசுக்காக டாக்டர் ஆகறது தப்பா?

நீட் ரிசல்ட் வந்த மறுநாள் பேப்பரைப் பாருங்க, மார்க் எடுத்த பசங்க போட்டோ இருக்கும், அப்பாவும் அம்மாவும் ஸ்வீட் ஊட்டிவிட்டுக்கிட்டு இருப்பாங்க, கீழ "ஏழை எளிய மக்களுக்குச் சேவை செய்வதே என் லட்சியம்"னு போட்டிருக்கும். நீட்டுக்கு முன்னாடி பிளஸ் டூ மார்க்குல சீட் கொடுத்த காலத்துலயும் இதே பதில்தான், அதுக்கும் முன்னாடி என்ட்ரன்ஸ் இருந்தப்பவும் இதே பதில்தான். அந்தப் பசங்களை நான் குறை சொல்ல வரல, பதினெட்டு வயசுல மூஞ்சிக்கு நேரா மைக்கை நீட்டுனா பெரியவங்க என்ன கேக்க ஆசைப்படுறாங்களோ அதைத்தான் சொல்லத் தோணும். ஆனா அதைத் தவிர வேற பதிலே வரக்கூடாதுன்னு நாம எல்லாரும் சேர்ந்து ஒரு கட்டுப்பாடு போட்டு வச்சிருக்கோம் பாருங்க, அதுதான் எனக்கு ரொம்ப நாளா உறுத்துது. ஒரு பொண்ணு "எங்க வீட்ல காசு இல்லைங்க, நல்லா சம்பாதிக்கணும், அதுக்குத்தான் டாக்டருக்குப் படிக்கப் போறேன்"னு சொல்லிட்டா போதும், இப்பவே இப்படின்னா நாளைக்கு பேஷண்ட்டை என்ன பண்ணுவாளோன்னு ஊரே பேசும். அதே பொண்ணு கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்து பெங்களூர் போய் சம்பாதிக்கப் போறேன்னா "நல்லா வா கண்ணு"ன்னு வாழ்த்துவாங்க.

நான் சேலத்துல மெடிக்கல் ரெப்பா இருக்கேன், எங்க கம்பெனி மருந்தைப் பத்தி டாக்டருங்களைப் பார்த்துச் சொல்ற வேலை. அஞ்சு ரோடு, சாரதா காலேஜ் ரோடு, ஸ்வர்ணபுரி, அழகாபுரம் பக்கம் க்ளினிக் வாசல்ல பேக்கை வச்சுக்கிட்டு, பேஷண்ட் கூட்டம் குறையுமான்னு பார்த்துக்கிட்டு நிக்கற ஆளுங்கள்ல நானும் ஒருத்தன். மாசத்துல சில நாள் ஆத்தூர், ராசிபுரம், மேட்டூர், அப்பப்ப ஏற்காடு. டாக்டருங்களைப் பத்தி பேஷண்ட்டுக்குத் தெரியாத பல விஷயம் எங்களுக்குத் தெரியும், யார் எந்த மெஷினுக்கு லோன் கட்டிட்டு இருக்காங்க, யார் பையனோட பிஜி, அதாவது எம்பிபிஎஸ்ஸுக்கு மேல படிக்கற படிப்பு சீட்டுக்காக அலையறாங்க, யாரு ராத்திரி பத்து மணிக்கு கன்சல்டிங் ரூம்லயே ஆறிப்போன தோசையைப் பிச்சுப் போட்டுக்கிட்டு அடுத்த பேஷண்ட்டைக் கூப்பிடறாங்கன்னு எல்லாமே. காத்துக்கிட்டு நிக்கறதே வேலையா இருக்கறவனுக்கு கவனிக்க நிறைய நேரம் கிடைக்கும்.

இதை இப்ப எழுதறதுக்குக் காரணம் என் அக்கா பையன். மச்சான் செவ்வாப்பேட்டை பக்கம் ஒரு கொலுசு பட்டறையில வேலை செய்யறார், கிலோ கணக்குல கூலி, வெள்ளி விலை ஏறிடுச்சுன்னா ஆர்டர் படுத்துரும், வீட்ல ரெண்டு வேளை சோறு ஒரு வேளை ஆகிரும். பையன் ஆறாம் வகுப்புல இருந்தே கவர்மெண்ட் ஸ்கூல், இப்ப பிளஸ் டூ. ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு எல்லாரும் அக்கா வீட்ல கூடியிருந்தப்ப எங்க பெரியப்பா அவனைப் பார்த்து "ஏன்டா சாமி, டாக்டருக்குத்தான் படிக்கணும்னு என்ன அவ்ளோ ஆசை"ன்னு கேட்டார். அவன் யோசிக்கவே இல்ல. "காசுக்குத்தான் தாத்தா. அப்பா இன்னும் எத்தனை வருஷம் நெருப்புகிட்ட குனிஞ்சு ஒக்காருவாரு. வீட்டை இடிச்சுக் கட்டணும், தங்கச்சியைப் படிக்க வைக்கணும்"ன்னான். எங்க அக்கா மூஞ்சி சுருங்கிப்போச்சு. பெரியப்பா "அது தெய்வத் தொழில்டா, அந்தத் தொழிலைப் பத்திப் பேசறப்ப காசுங்கற பேச்சே வாயில வரக்கூடாது"ன்னு ஒரே அதட்டு. பையன் அதுக்கப்புறம் சாப்பிடறப்ப தலையையே தூக்கல.

அன்னைக்கு ராத்திரி அவனை வண்டியில கூட்டிட்டுப் போய் "மாப்ள, நீ சொன்னதுல ஒரு தப்பும் இல்ல"ன்னேன். "அப்ப ஏன் மாமா எல்லாரும் அப்படிப் பார்த்தாங்க"ன்னான். அதுக்கு ரோட்டோரம் நின்னு சொல்ற அளவுக்குச் சின்ன பதில் என்கிட்ட இல்ல. அதைத்தான் இங்க எழுதறேன்.

என் அபிப்ராயத்தை முதல்லயே சொல்லிடறேன். காசுக்காக டாக்டர் ஆகலாம், காசைப் போட்டு டாக்டர் ஆகக்கூடாது. ஒருத்தன் எதுக்காக டாக்டர் ஆனாங்கறதை விட அந்தச் சீட்டுக்கு அவங்க வீட்ல என்ன விலை கொடுத்தாங்கங்கறதுதான் பின்னாடி அவன் எப்படிப்பட்ட டாக்டரா இருப்பான்னு தீர்மானிக்குதுன்னு நான் நினைக்கறேன். எல்லாருக்கும் இது பொருந்தும்னு சொல்லல, விதிவிலக்கா இருக்கற டாக்டருங்களை நானே பார்த்திருக்கேன். ஆனா பல வருஷமா கண்ணால பார்த்ததுல இதுதான் மறுபடி மறுபடி தெரியுது.

கவர்மெண்ட் மெடிக்கல் காலேஜ்ல வருஷ பீஸ் ஆயிரங்கள்ல முடிஞ்சிரும். தனியார் காலேஜ்ல மேனேஜ்மெண்ட் கோட்டான்னா வருஷத்துக்கு பத்துப் பன்னெண்டு லட்சத்துக்கு மேல போகும். டீம்டு யுனிவர்சிட்டின்னா பல எடத்துல வருஷத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டிருச்சு. ஹாஸ்டல், மெஸ், மத்ததெல்லாம் சேர்த்தா படிச்சு முடிக்கறப்ப ஒரு கோடி. அதுவும் வெறும் எம்பிபிஎஸ்ஸுக்கு. எம்பிபிஎஸ் மட்டும் வச்சுக்கிட்டு இங்க ஒரு தனியார் ஆஸ்பத்திரில டூட்டி டாக்டரா போனா எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் மாசம் நாப்பதுல இருந்து அறுபதாயிரம் கொடுப்பாங்க, நைட் டூட்டியும் சேர்த்துத்தான். இப்ப அந்த ஒரு கோடியை பேங்க்ல 7 சதவீத வட்டிக்கு டெபாசிட் போட்டா வருஷம் 7 லட்சம், மாசத்துக்கு 58,000 சொச்சம் வரும். அதாவது அஞ்சரை வருஷம் படிச்சு, ராத்திரி முழிச்சு, பேஷண்ட்டோட சொந்தக்காரங்க கிட்ட திட்டு வாங்கி சம்பாதிக்கறதை, அந்தக் காசு பேங்க்ல சும்மா கெடந்தே சம்பாதிச்சிரும். இந்தக் கணக்கை நான் யாரையும் பயமுறுத்தறதுக்குப் போடல. காசு காசுன்னு சொல்லி காசைக் கொட்டி சீட் வாங்கறவங்க உண்மையில காசு கணக்கே போடறதில்லன்னு காட்டத்தான் போடறேன். ஒரு கோடி போட்டு எடுக்கணும்னா சம்பளம் பத்தாது, சம்பளத்துக்கு வெளிய எங்கயாவது இருந்து எடுத்தாகணும். அந்த வெளியங்கறது யாரு? பேஷண்ட்தான்.

ஆத்தூர் பக்கத்துக்காரர் ஒரு டாக்டர். நல்ல மனுஷன், கைராசிக்காரர்னு ஜனங்க சொல்லுவாங்க, என்னை ஒரு நாளும் அலட்சியமா நடத்தினதில்ல. அவங்க அப்பா குச்சிக்கிழங்கு போட்டிருந்த காட்டை வித்துத்தான் அவரைத் தனியார் காலேஜ்ல சேர்த்தார், அப்புறம் பிஜிக்கு மறுபடி இன்னொரு பெரிய தொகை, அதுக்கு லோன். ஒரு தடவை கூட்டமே இல்லாத மத்தியானத்துல என்கிட்ட "அந்தக் காட்டை இப்ப வேற ஒருத்தர் ஓட்டறார், நான் ஊருக்குப் போற வழியிலதான் இருக்கு, தலையைத் திருப்பிட்டுத்தான் போவேன்"ன்னார். அவர் எழுதற டெஸ்ட்டெல்லாம் தேவைதானான்னு கேட்டா எனக்கு முழுசா ஆமான்னு சொல்ல முடியாது. தலைவலின்னு வந்தவங்களும் ஸ்கேன் எடுத்துட்டுத்தான் போவாங்க. அந்த ஸ்கேன் சென்டர்ல இருந்து மாசக் கடைசியில ஒரு கவர் வரும், இது எங்க தொழில்ல இருக்கற எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி. அவர் பேராசைக்காரர் கிடையாது. சொல்லப்போனா அவர் எம்பிபிஎஸ் சேர்றப்ப நெஜமாவே சேவைன்னுதான் நினைச்சுட்டு சேர்ந்திருக்கார், அவரே சொன்னார். சேவைன்னு உள்ள போனவரை கடன் வேற மாதிரி ஆக்கி வெளிய அனுப்பியிருக்கு.

சட்டம் இல்லாம இல்ல. ரெஃபர் பண்றதுக்கு கமிஷன் வாங்கக்கூடாதுன்னு மெடிக்கல் கவுன்சிலோட 2002 நெறிமுறையிலயே இருக்கு. மருந்து கம்பெனிங்ககிட்ட இருந்து கிஃப்ட், டூர், பணம் எதுவும் டாக்டர் வாங்கக்கூடாதுன்னு 2009 டிசம்பர்ல சேர்த்தாங்க. அப்படிக் கொடுக்கற செலவை கம்பெனி வரிக் கணக்குல கழிக்க முடியாதுன்னு 2022 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துச்சு. 2024 மார்ச்ல மருந்து மார்க்கெட்டிங்குக்குன்னு மத்திய அரசு புதுசா ஒரு நெறிமுறை கொண்டுவந்துச்சு, எங்க மேனேஜர் எங்களை உக்கார வச்சு அதை வரிவரியா படிச்சார். இதெல்லாம் வேணும், இதால கொஞ்சம் மாற்றமும் வந்திருக்கு, முன்னாடி நடந்த கூத்தெல்லாம் இப்ப அவ்வளவு வெளிப்படையா நடக்கறதில்ல. ஆனா கிஃப்ட்டைத் தடை பண்ணலாம், மாசம் அஞ்சாம் தேதி அக்கவுண்ட்ல இருந்து போற இஎம்ஐயை எந்த நெறிமுறையும் தடை பண்ண முடியாது. வேர் அங்க இருக்கு.

இப்ப நேர் எதிரான இன்னொருத்தரைச் சொல்றேன். ஏற்காட்டு மலையில ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல சில வருஷம் முன்னாடி ஒரு லேடி டாக்டர் இருந்தாங்க. அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, டவுன் தாண்டி, அப்புறம் காபி எஸ்டேட்டுக்கு நடுவுல போற ரோட்டுல இன்னும் உள்ள போகணும். சுத்தி இருக்கறவங்க பெரும்பாலும் மலையாளி ஜனங்க, சேர்வராயன் மலையோட பழங்குடி மக்கள், எஸ்டேட்டுல கூலிக்குப் போறவங்க. முதல் தடவை பார்த்தப்பவே அந்த டாக்டர் ஒளிக்காம சொன்னாங்க, "சார், நான் பிஜி மார்க்குக்குத்தான் மேல வந்தேன்"னு. விஷயம் என்னன்னா, கவர்மெண்ட் சர்வீஸ்ல இருக்கற டாக்டருங்க மலை மாதிரி கஷ்டமான எடத்துல வேலை செஞ்சா பிஜி நீட்ல அவங்க எடுத்த மார்க்கோட வருஷத்துக்கு 10 சதவீதம் வரைக்கும், மொத்தமா 30 சதவீதம் வரைக்கும் ஊக்க மதிப்பெண் கிடைக்கும். தமிழ்நாட்டுல கவர்மெண்ட் காலேஜ்ல மாநிலத்தோட பங்கா இருக்கற பிஜி சீட்ல பாதி சர்வீஸ்ல இருக்கறவங்களுக்குன்னு ஒதுக்கீடும் இருக்கு. அந்த மார்க் வந்தா நல்ல பிரிவு கிடைக்கும், நல்ல பிரிவு கிடைச்சா நல்ல வருமானம். ஆக அவங்க அந்த மலைக்கு ஏறி வந்ததுக்கான காரணத்தைத் தோண்டிக்கிட்டே போனா அடியில காசுதான் இருக்கும்.

ஆனா வேலையை எப்படிச் செஞ்சாங்கன்னு நான் பார்த்தேன். காலையில சொன்ன நேரத்துக்கு ஓபி தொறந்திருக்கும். மாசமா இருக்கற பொண்ணுங்க பேரை எல்லாம் ஒரு நோட்டுல தேதியோட எழுதி வச்சிருந்தாங்க, ஐப்பசி கார்த்திகையில மழை பிடிச்சா மலைப்பாதையில மண் சரியும், அதனால தேதி நெருங்குனவங்களை மழைக்கு முன்னாடியே கீழ அனுப்பி வைக்கறதுக்கு கிராம நர்ஸோட சேர்ந்து வீடு வீடாப் போய் பேசுவாங்க. "வலி வரட்டும், 108ஐக் கூப்பிட்டுக்கலாம்"னு சொல்ற மாமியாரைச் சம்மதிக்க வைக்கறது லேசுப்பட்ட காரியம் இல்ல. என்கிட்ட சாம்பிள் கேட்டா கூட, எது அங்க ஸ்டாக்ல வரலையோ அந்த மாத்திரையைப் பார்த்துத்தான் கேப்பாங்க. ஒரு தடவை பிரஷர் மாத்திரையைப் பாதியில நிறுத்திட்ட ஒரு தாத்தாவைத் தேடி எஸ்டேட் லைன் வீட்டுக்கே போனதை நானே பார்த்தேன், நான் பேக்கோட பின்னாடி போனேன். வருஷம் முடிஞ்சுது, மார்க் வந்துச்சு, எம்டி சீட் கெடைச்சுக் கீழ எறங்கிட்டாங்க. "பாத்தீங்களா, வேலை முடிஞ்சதும் ஓடிட்டாங்க"ன்னு அங்க ஒருத்தர் என்கிட்ட சொன்னப்ப எனக்கு மனசு கேக்கல. இருந்த வரைக்கும் அந்த நோட்டுல இருந்த பொண்ணுங்க நல்லபடியா குழந்தையோட வீட்டுக்கு வந்தாங்க, அதுக்கப்புறம் அவங்க எந்த ஊர்ல எவ்வளவு சம்பாதிச்சா நமக்கென்ன. அவங்க கவர்மெண்ட் சீட்ல படிச்சவங்க, தலை மேல கடன் இல்ல. அவங்க ஆசையை அரசாங்கம் ஒரு மார்க்கா மாத்தி மலைப் பக்கம் திருப்பி விட்டுச்சு, அந்த ஆசையால மலை ஜனத்துக்கும் லாபம். மனுஷனோட ஆசையை அதட்டி அடக்கறதை விட இப்படித் திருப்பி விடறதுதான் வேலைக்கு ஆகும்னு நான் முழுசா நம்பறேன்.

அஞ்சு ரூபா டாக்டரைப் பத்தி யாராவது கேப்பீங்க. வியாசர்பாடி திருவேங்கடம் அய்யா, முதல்ல ரெண்டு ரூபா, அப்புறம் அஞ்சு ரூபா வாங்கி காலம் பூரா வைத்தியம் பார்த்தவர், 2020 ஆகஸ்ட்ல போய்ச் சேர்ந்தப்ப ஊரே அழுதுச்சு. நம்ம பக்கத்துலயே, அரூர் தாண்டி சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவுல சிட்டிலிங்கி பள்ளத்தாக்குல 1993ல போய் உக்காந்தாங்க டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும், கணவன் மனைவி. குடிசையில ஆரம்பிச்சு, மலைப் பொண்ணுங்களுக்கே நர்ஸ் பயிற்சி கொடுத்து, இன்னைக்கு ஒரு முழு ஆஸ்பத்திரியா வளர்த்திருக்காங்க. இவங்களை எல்லாம் கையெடுத்துக் கும்பிடணும், அதுல எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனா இவங்க பேரைச் சொல்லி ஒரு கொலுசு பட்டறைக்காரர் மகனோட வாயை அடைக்கக்கூடாதுன்னுதான் சொல்றேன். ஒரு மாநிலத்தோட மருத்துவத்தை அம்பது அறுபது மகான்களை நம்பி நடத்த முடியாது. சம்பளத்துக்கு வேலை செய்யற, பொறுப்பான, சாதாரண மனுஷங்க ஆயிரக்கணக்குல வேணும்.

காசுக்கு வந்தவன் கஷ்டம்னு வந்தா ஓடிருவான்னு ஒரு பேச்சு இருக்கு. 2021 மே மாசம் சேலம் ஸ்டீல் பிளாண்ட் வளாகத்துல 500 ஆக்சிஜன் பெட் போட்டாங்க, ஞாபகம் இருக்கும். அந்த நேரத்துல எங்களுக்கு வேலை பாதி படுத்துருச்சு, ஆனா போன்ல டாக்டருங்களோட பேசிக்கிட்டுத்தான் இருந்தேன். பிபிஇ கிட்டைப் போட்டுக்கிட்டு உள்ள போன சின்னப் பசங்கள்ல யார் சேவைக்கு வந்தவன், யார் காசுக்கு வந்தவன்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன், அப்பா தறி ஓட்டறவர், வீட்டுக்கு மாசாமாசம் பணம் அனுப்பணும்ங்கறதுக்காகவே ஒரு டூட்டியைக் கூட விடல. வீட்டை நெனச்சு வேலைக்குப் போறவன் வேலையை விட்டு ஓட மாட்டான், நம்ம ஊர்ல தறிக்குப் போறவங்களையும் பட்டறைக்குப் போறவங்களையும் பார்த்தாலே தெரியும்.

அதுக்காக காசு ஆசை மட்டும் இருந்தா போதும்னு சொல்லிட முடியாது, இதையும் மாப்ளகிட்ட சொல்லியாகணும். முதல்ல நேரம். எம்பிபிஎஸ் நாலரை வருஷம், ஹவுஸ் சர்ஜன் ஒரு வருஷம், அப்புறம் பிஜி நுழைவுத் தேர்வு, அதுல ஒண்ணு ரெண்டு வருஷம் போயிரும், எம்டி எம்எஸ் மூணு வருஷம், இதயம் கிட்னின்னு மேல போகணும்னா இன்னும் மூணு வருஷம். கூடப் படிச்சவன் இருபத்திரெண்டுல சம்பளம் வாங்கி வண்டி எடுத்திருப்பான், இவன் முப்பது வரைக்கும் அம்மாகிட்ட சார்ஜர் வாங்கக் காசு கேக்கற நிலைமையிலதான் இருப்பான். சீக்கிரம் காசு வேணும்னா இந்தப் படிப்பு சரிப்படாது. ரெண்டாவது, டாக்டர் எண்ணிக்கை ஏறிக்கிட்டே போகுது. சேலத்துல மோகன் குமாரமங்கலம் மெடிக்கல் காலேஜ் 1986ல வர்ற வரைக்கும் நம்ம பக்கத்துப் பசங்க கோயமுத்தூர், செங்கல்பட்டு, மெட்ராஸ்னுதான் போகணும். அப்புறம் தருமபுரி வந்துச்சு. 2022 ஜனவரியில ஒரே நாள்ல 11 புது கவர்மெண்ட் காலேஜ் தொறந்தாங்க, அதுல நாமக்கல், கிருஷ்ணகிரி, கள்ளக்குறிச்சி மூணும் நம்மளைச் சுத்தி இருக்கற மாவட்டம். ஜனங்களுக்கு இது ரொம்ப நல்லது, எத்தனை காலேஜ் வந்தாலும் நான் சந்தோஷப்படுவேன். ஆனா எம்பிபிஎஸ் போர்டு மாட்டுன உடனே கூட்டம் அள்ளும்ங்கற காலம் முடிஞ்சு போச்சு. மூணாவது, அடி. ஆஸ்பத்திரில டாக்டரை அடிக்கறதைத் தடுக்க தமிழ்நாட்டுல 2008லயே தனிச் சட்டம் போட்டாங்க, அப்படியும் 2024 நவம்பர்ல சென்னை கிண்டியில கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குள்ளயே ஒரு கேன்சர் டாக்டரைக் கத்தியால குத்துனாங்க. இதுக்கெல்லாம் எந்தச் சம்பளமும் ஈடு கிடையாது.

இன்னொண்ணு இருக்கு, அதுதான் எல்லாத்தையும் விட முக்கியம்னு எனக்குப் படுது. மனுஷ உடம்பு நாறும். சீழ், ரத்தம், வாந்தி, மலம், இதைப் பார்த்து முகம் சுளிக்கறவன் லட்சியத்தோட வந்தாலும் காசுக்கு வந்தாலும் தாங்க மாட்டான். போன வருஷம் எங்க அம்மா இடுப்பு எலும்பு முறிஞ்சு பெரியாஸ்பத்திரில படுத்திருந்தாங்க. ராத்திரி கூடப் படுக்க இந்தப் பையன்தான் வந்தான். யூரின் பேக்கை அவனே எடுத்துக் கொட்டிட்டு வந்து மாட்டுவான், பாட்டிக்குப் படுக்கைப் புண் வந்துரக்கூடாதுன்னு நர்ஸம்மா சொன்ன மாதிரி நேரம் பார்த்துப் புரட்டிப் படுக்க வைப்பான், பக்கத்து பெட்டுல ஆளில்லாம கெடந்த ஒரு தாத்தாவுக்கும் கேக்காமலே செஞ்சான். அப்படிச் செஞ்சவனைத்தான் காசுன்னு சொன்னதுக்காக வீட்ல அதட்டறாங்க. அவனுக்குள்ள என்ன இருக்குன்னு கேள்வி கேட்டுத் தெரிஞ்சுக்க முடியாது, கூட இருந்து பார்த்தாத்தான் தெரியும்.

அவனைப் பொறுத்தவரைக்கும் கணக்கு சுத்தமா இருக்கு. கவர்மெண்ட் ஸ்கூல் பசங்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020ல வந்துச்சு, அப்ப முதலமைச்சரா இருந்தது நம்ம மாவட்டத்துக்காரர் எடப்பாடி பழனிசாமி. நீதிபதி கலையரசன் கமிஷன் 10 சதவீதம்னு பரிந்துரை பண்ணுச்சு, அரசாங்கம் 7.5ன்னு வச்சுது. அதுக்கு முன்னாடி வருஷம் கவர்மெண்ட் ஸ்கூல்ல இருந்து போனவங்களை விரல் விட்டு எண்ணலாம், ஒதுக்கீடு வந்த முதல் வருஷமே 300க்கு மேல எம்பிபிஎஸ் சீட். அதுல தனியார் காலேஜ்ல எடம் கெடைச்சாலும் பீஸை அரசாங்கமே கட்டும். இவன் அதுல உள்ள போயிட்டா மச்சான் ஒரு பைசா கடன் வாங்க வேண்டியதில்ல. படிச்சு முடிச்சு மெடிக்கல் சர்வீசஸ் ரெக்ரூட்மெண்ட் போர்டு பரீட்சை எழுதி அசிஸ்டன்ட் சர்ஜன், அதாவது கவர்மெண்ட் டாக்டர் ஆனா அடிப்படைச் சம்பளமே 56,100, மத்த படியெல்லாம் தனி. பட்டறையில இருக்கற ஒரு குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய தொகைன்னு மாசச் சம்பளக்காரங்களுக்குப் புரிய வைக்கறது கஷ்டம். அந்தக் காசுக்கு ஆசைப்பட்டு அவன் டாக்டர் ஆகட்டும்னுதான் நான் சொல்றேன். யார் தலையிலயும் கை வைக்காம சம்பாதிக்க முடியற டாக்டரா அவன் இருப்பான், ஏன்னா அவன் யாருக்கும் திருப்பித் தர வேண்டியதில்ல.

ஒருவேளை மார்க் வரலைன்னா? அங்கதான் எனக்குப் பயம். புது பஸ் ஸ்டாண்ட் சுத்தி போர்டு போர்டா தொங்குது, வெளிநாட்டுல எம்பிபிஎஸ், கம்மி செலவு, இந்திய சாப்பாடுன்னு. கூப்பிட்டா வீட்டுக்கே வந்து பேசுவாங்க, பேங்க் லோனுக்கு அவங்களே ஆள் கூட்டிட்டு வருவாங்க. ஆனா அங்க படிச்சுட்டு வந்து இங்க எழுதற எஃப்எம்ஜிஇ பரீட்சையைப் பத்தி அவ்வளவா பேச மாட்டாங்க. 2023 டிசம்பர்லயும் சரி 2024 ஜூன்லயும் சரி, எழுதுனவங்கள்ல கிட்டத்தட்ட அஞ்சுல ஒருத்தர்தான் பாஸ். மத்த நாலு பேர் வீட்லயும் லோன் ஓடிக்கிட்டு இருக்கும், கையில சர்டிபிகேட் இருக்கும், ஸ்டெத்தைத் தொட முடியாது. இதுல சிக்குன ஒரு குடும்பம் எனக்குத் தெரியும், அந்தப் பையன் இப்ப ஒரு ஆஸ்பத்திரில ரிசப்ஷன்ல உக்காந்து டோக்கன் கொடுக்கறான்.

அக்கா வீடு அம்மாப்பேட்டையில ஒரு பழைய ஓட்டு வீடு, மாமனார் காலத்துச் சொத்து, அதைத் தவிர அவங்களுக்கு ஒண்ணும் இல்ல. போன வாரம் அக்கா போன் பண்ணி "ஏன்டா தம்பி, ஒருவேளை சீட் தட்டிப்போச்சுன்னா வீட்டை வச்சு ஏதாச்சும் பண்ணலாமா, புள்ள ஆசைப்படுது"ன்னு மெதுவா கேட்டுச்சு. இன்னொரு வருஷம் எழுதட்டும், கோச்சிங் செலவை நான் பார்த்துக்கறேன், அதுலயும் வரலைன்னா பி.எஸ்சி நர்சிங் இருக்கு, ரேடியாலஜி இருக்கு, அனஸ்தீஷியா டெக்னாலஜி இருக்கு, அவன் கைக்கு எந்த ஆஸ்பத்திரியும் வேலை கொடுக்கும்னு சொன்னேன். மறுநாள் காலையில நேரா அவங்க வீட்டுக்குப் போய் பீரோவைத் தொறக்கச் சொல்லி வீட்டுப் பத்திரத்தை வாங்கிட்டு வந்துட்டேன், மச்சான் முன்னாடியே. கவுன்சலிங் முடியற வரைக்கும் அது என்கிட்டதான் இருக்கும், அக்கா அழுது கேட்டாலும் தர மாட்டேன்னு சொல்லிட்டேன்.